கூண்டுப் பறவைக்குப் பூச்சி வளர்க்கலாமா?

ஸ்கூடாயில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நம் அன்பர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் ஒரு சங்கதியைக் கொண்டுவந்தார். அவருடைய மகன் முறைப்படி அனுமதிச் சீட்டுப் பெற்று ஒரு முராய் பாத்து வளர்க்கிறான். (2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தச் சீட்டு அவசியம்.) பறவைக்கு நாள்தோறும் சுவர்க்கோழி வேண்டும், மலாய்க்காரர் செங்கெரிக் என்பார்களே, அதுதான். வாங்கிக் கட்டுபடியாகாமல் பையனே பெட்டியில் வளர்க்கப்போய், அது பெருகிவிட்டது. அக்கம்பக்கத்தார் விலைக்குக் கேட்கிறார்கள்.

“நானா, இதைக் கடையில் வைத்து விற்கலாமா? அந்தக் காசு நமக்கு ஆகுமா? அது கிடக்கட்டும், ஓர் உயிரை இன்னோர் உயிரின் வாயில் போடுவதற்கென்றே வளர்ப்பது நியாயந்தானா?” என்று வினவினார். வியாபாரி முதற் கேள்வியோடு நின்றுவிடுவான் என்று உலகம் நினைக்கிறது. நம்மவர் கடைசிக் கேள்வியையும் கேட்டாரே என்று மகிழ்ந்தோம்.

விற்பனை விஷயம் பழைய விஷயமே. ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவி அவர்கள் தம் ‘மின்ஹாஜ்’ நூலில், விற்கும் பொருளுக்குப் பயன் இருக்கவேண்டும் என்று நிபந்தனையிட்டு, பூச்சிகளை விற்பது செல்லாது என்கிறார்கள். ஆனால் பயன் தரும் பட்டுப்புழு, தேனீ, இரத்தம் உறிஞ்ச வைக்கும் அட்டை ஆகியவற்றை அந்த மத்ஹபின் அறிஞர்கள் விலக்காகக் கொண்டனர். ஹனபி மத்ஹபிலோ பட்டுப்புழுவை விற்கக்கூடாது என்று இமாம் அபூஹனீபா அவர்கள் சொல்ல, அவர்களின் மாணவர் இமாம் முஹம்மது அவர்கள் அது பயனுள்ளதாயிற்றே என்று அனுமதித்தார்கள். ஆசிரியரை மாணவர் மறுத்தது ஒரு புழுவுக்காக! ஆக, வழக்கு முழுவதும் ‘பயன்’ என்ற ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. பறவைக்கும் மீனுக்கும் இரையாவது பயன் என்றே நமக்குப் படுகிறது. எனினும் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று, ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க.

நிற்க. மூன்றாவது கேள்விக்கு வருவோம். காட்டில் முராய் பூச்சியைத் தின்னாமலா இருக்கிறது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். காட்டில் நடப்பதற்கு நாம் பொறுப்பாளிகள் அல்லர். இங்கே பறவையைக் கூண்டில் வைத்தவரும் நாம். பூச்சியைப் பெட்டியில் வைத்தவரும் நாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூஉமைர் என்ற சிறுவனிடம் அவன் வளர்த்த குருவியைப்பற்றி அன்போடு விசாரித்ததை அறிவோம், வளர்ப்பதில் குற்றமில்லை. பூனையைக் கட்டிவைத்து உணவும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதியையும் அறிவோம். ஓர் எறும்பு கடித்ததற்காகப் புற்றையே எரித்த ஒரு நபி கண்டிக்கப்பட்ட வரலாறும் உண்டு. பூச்சிதானே என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை. பூச்சிகளுக்கும் உணர்வு இருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாதென்று 2024 இல் நியூயார்க்கில் அறிவியலார் பலர் கூடி அறிக்கை விட்டனர்.

நம் கதையையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் ஒரு பெட்டி வைத்திருந்தோம். வியாபார நிமித்தம் சிங்கப்பூர் போய் மூன்றாம் நாள் இரவு திரும்பினால், வீட்டில் வழக்கமான சத்தமே இல்லை. பஞ்சு காய்ந்து கிடந்தது. தவிடும் தீர்ந்திருந்தது. பசியில் ஒன்றையொன்று தின்று, மிஞ்சியவை கால் இழந்து கிடந்தன. கணக்குப் புத்தகத்தில் அது சில வெள்ளி நஷ்டம். ஆனால் அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. பறவையின் வாயில் ஒரு நொடியில் முடிவது வேறு, நம் மறதியால் மூன்று நாள் சாவது வேறு.

ஆகவே வளர்ப்போர் அறியவேண்டியவை சில உண்டு. ஏறக்குறைய 30 டிகிரி வெப்பத்தில் முட்டை பத்துப் பன்னிரண்டு நாளில் பொரிக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் பருவத்துக்கு வரும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகள் மூழ்கிவிடும்; ஈரப் பஞ்சே சரி. ஒதுங்க முட்டைத் தட்டுகள் வேண்டும். சத்துக் குறைந்தாலும் இடம் நெருங்கினாலும் ஒன்றையொன்று கடிக்கும். நோயும் கொள்ளையாக வரும்: 2009, 2010 ஆண்டுகளில் ஒரு வைரஸ் கிருமி வட அமெரிக்காவின் சுவர்க்கோழிப் பண்ணைகள் பலவற்றைத் துடைத்துவிட்டது. சுவர்க்கோழியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. எனவே பூச்சிக்குப் போடும் தீனியைப் பொறுத்தே பறவையின் எலும்பு. பூச்சியைப் பட்டினி போட்டால் பறவையும் பட்டினிதான்.

கடையில் விற்போர் ஒன்று கவனிக்க. பெட்டியின் அடியில் செத்தவற்றைச் சேர்த்து எண்ணிக்கை காட்டுவது அளவில் மோசடி. அரிசியில் கல் கலப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

முசுறு எறும்பின் கூட்டைக் கலைத்து முட்டையும் புழுவும் எடுத்து இரைக்கு விற்பதும் உண்டு. எறும்பைக் கொல்லாதீர் என்ற போதனை இருக்க, அந்தச் சரக்கை நாம் தொடமாட்டோம். பெட்டியில் வளர்ப்பது அதைவிட மேல் என்பதே நம் துணிபு.

இவ்வளவும் கேட்ட அன்பர், இரண்டு பெட்டிக்கு மேல் வைப்பதில்லை, ஆலிமிடம் கேட்டபின்பே விற்பது என்று சொல்லிப் புறப்பட்டார். கூட வந்திருந்த பையன் வாசலில் நின்று, “அத்தா, லீவில் ஒரு மாதம் ஊருக்குப் போகிறோமே, அப்போது பெட்டியை யார் பார்ப்பார்கள்?” என்றான். அன்பர் நம் முகத்தைப் பார்த்தார். நாம் அவர் முகத்தைப் பார்த்தோம்.