கேட்கப்படாத பிள்ளைகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆமிஷ் என்னும் கிறித்தவப் பிரிவினர் வாழ்கின்றனர். குதிரை வண்டியிலேயே செல்வர். உழவு அவர்தம் மரபுத் தொழில். 8ஆம் வகுப்போடு பிள்ளைகளின் பள்ளிப் படிப்பை நிறுத்திவிடுவர். 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்றது அம்மாநிலச் சட்டம். மூன்று பெற்றோர் மறுத்தனர். ஆளுக்கு 5 டாலர் அபராதம். தொகை சிறிதாயினும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1972 மே மாதத்தில் பெற்றோர் பக்கமே தீர்ப்பாயிற்று.

அதற்கு முந்திய ஆண்டில் ஜான் ரால்ஸ் என்னும் பேரறிஞர் நீதி பற்றிய தம் பெருநூலை வெளியிட்டிருந்தார். தாம் எக்குடியில் பிறப்போம், செல்வரோ வறியரோ என்பதை அறியாத நிலையில் மக்கள் தேர்ந்துகொள்ளும் விதிகளே நியாயமானவை என்பது அவர் கொள்கை. 1982இல் மைக்கேல் சாண்டல் அதனை மறுத்தார். பெற்றோர், ஊர், மரபு அனைத்தையும் கழித்துவிட்டால் தேர்வு செய்வதற்கு மனிதன் என்று எவன் எஞ்சுவான் என வினவினார். முன்னது தாராளவாதம், பின்னதனைச் சமுதாயவாதம் என்பர். (அப்பெயர் சாண்டலுக்கு அத்துணை உவப்பானதன்று.)

சாண்டலின் வினாவை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. பொழுது சாயுமுன் உண்ணும் பழக்கத்தை எவரும் நம் இசைவு பெற்று நமக்குத் தரவில்லை. ஆயினும் அது நம்முடையதே.

ஆனால் அத்தீர்ப்பில் நீதியரசர் வில்லியம் டக்ளஸ் ஒரு பகுதியில் மாறுபட்டு எழுதினார். பெற்றோரின் விருப்பம் கேட்கப்பட்டது, பிள்ளைகளை யார் கேட்டார் என்பது அவர் கவலை. ஒரு மாணவி மட்டுமே சாட்சி கூறினாள். தன் சமயநம்பிக்கையே தன்னை நடத்துகிறது என்றாள். மற்ற இருவரும் சாட்சியம் அளிக்கவில்லை. ஒருத்தியின் இசைவு ஏனையோர்க்கும் இசைவாகுமோ?

மேலும் ஓரிரண்டு ஆண்டுப் பள்ளி இல்லாமையால் பிள்ளைகட்குப் பெருங்கேடில்லை என்று நீதிமன்றம் கருதியது. வகுப்பறையிலேயே வாழ்நாளைக் கழித்த நமக்கு இதனை ஏற்க மனம் வரவில்லை. பதினான்கு வயதில்தான் பிள்ளை தானே ஒரு நூலைத் தேடி எடுக்கிறது, 'ஏன்?' என்று எதிர்நின்று கேட்கிறது. ஆமிஷ் பெரியோர் அஞ்சியதும் அவ்வயதையே. அவ்வச்சம் பொய்யன்று, பள்ளிக்குச் சென்ற பிள்ளை கலப்பைக்குத் திரும்பாமற் போகலாம்.

எனினும் ஒன்று நோக்கத்தக்கது. ஆமிஷ் மரபில் குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை. வளர்ந்தபின் தானே விரும்பி முன்வருவோர்க்கே அது உண்டு. டக்ளஸ் கேட்ட கேள்வியை அவர்தம் முன்னோர் பல தலைமுறைகட்கு முன்பே கேட்டிருக்கின்றனர்.