விலகலும் விலக்கலும்

கொள்ளைநோய் பரவுங் காலத்தில் ஒருவரையொருவர் நெருங்காது நிற்றல் வேண்டும் என்பது மருத்துவர் கூறும் விதி. 2020 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோயின் பொருட்டு நாடு முழுவதும் அடைக்கப்பட்டபோது, இவ்விதி ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் ஒலித்தது. அதனைக் கேட்டு நம்மவருட் பலருடைய உள்ளம் துணுக்குற்றது. "எட்ட நில்" என்னுஞ் சொல் நமக்குப் புதியதன்று. நம் பாட்டனும் பூட்டனும் கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் கேட்ட சொல் அது. அக்காலை, முன்னோர் வகுத்த தீட்டு முறை சுகாதார முறையே என்று பெருமை பேசவும் சிலர் துணிந்தனர். ஆதலின், தம்மத்தைச் சரணடைந்த நாம் இதனை ஆராய்ந்து தெளிதல் கடனாகும். நோய்க்காலத்தில் எட்ட நிற்பது தீண்டாமையாகுமா?

தமிழில் விலகல் என்பது தன்வினை. விலக்கல் என்பது பிறவினை. இரண்டிற்கும் இடையே நிற்பது ஓர் ஒற்றெழுத்தே. ஆயினும் அறத்தின்கண் அவை எதிரெதிர்த் திசையில் நிற்பன.

கொரோனா தொற்றியவர், காய்ச்சலோ இருமலோ தோன்றுமுன்னரே பிறர்க்கு அதனைப் பரப்பக்கூடும். ஆகவே அறிவுடையான், "அவனிடம் நோய் உளதோ?" என்று வினவுவதற்கு முன், "என்னிடம் உளதோ?" என்று தன்னையே ஐயுறுகின்றான். தன் மூச்சுக்காற்றால் ஓர் உயிர் மாளலாகாது என்று தானே ஒதுங்குகின்றான். கொல்லாமையாகிய முதற்சீலத்தைக் காக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று. தீண்டாமையோ தன்னைத் தூயோன் எனக் கொண்டு, பிறனை மாசு எனத் தள்ளுவது. முன்னது தன்மேற் கொண்ட ஐயத்தினின்றும், பின்னது பிறன்மேற் கொண்ட இகழ்ச்சியினின்றும் பிறப்பன. வினையின் தன்மையை எண்ணத்தைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்பதன்றோ பகவன் புத்தரின் போதனை?

வேறு அடையாளங்களும் உள. நோய் விலகலுக்குக் கால எல்லை உண்டு. 2020 இல் நோயாளியோடு பழகியோர்க்கு விதித்த தனிமை 14 நாளே. சாதி விலக்கலுக்கு எல்லையில்லை. தொட்டிலில் தொடங்கிச் சுடுகாடு வரையில் தொடர்வது அது. நோய் விலகல் அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒன்றே. சாதியோ பிறப்பைப் பார்த்து இடம் வகுப்பது.

எனினும், எட்ட நின்றால் மட்டும் கடமை தீர்ந்துவிடுமா? தீராது. வயிற்றுக் கடுப்பால் தன் மலசலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பற்றி விநய பிடகம் கூறுகின்றது. அவரால் தமக்குப் பயனில்லை என்று ஏனைய பிக்குகள் கைவிட்டனர். பகவனோ ஆனந்தரோடு சென்று அவரை நீராட்டி, தூக்கிப் படுக்கையிற் கிடத்தினார். தமக்குச் செய்யும் பணியை நோயாளிக்குச் செய்க என்று பின்னர்ப் பிக்குகளுக்குப் பணித்தார். 1897 இல் புனேயைப் பிளேக்கு வாட்டியபோது, அன்னை சாவித்திரிபாய் பூலே நோயாளிகளுக்குத் தொண்டு செய்து, அந்நோயாலேயே மார்ச்சு 10 ஆம் நாள் உயிர்நீத்தார். முகக்கவசமும் கையுறையும் தடுப்பூசியும் உடைய நமக்கு, நோயாளியைக் கைவிடுதற்குச் சாக்கு ஏது?

மேலும், விலகி நிற்க இடமும் வேண்டுமன்றோ? நம் தமிழ் மக்கள் பல்லாயிரவர் வாழும் மும்பைத் தாராவியில், ஓரறையிற் குடும்பம் முழுவதும் உறங்குகின்றது. கழிப்பறையோ பலர்க்கும் பொது. "விலகி இரு" என்று அவர்க்குக் கூறுவது எளிது. பள்ளிகளையும் மணமண்டபங்களையும் தனிமை இல்லங்களாக்கி, உணவும் மருத்துவமும் அளித்த பின்னரே 2020 இல் அவ்வறிவுரை அங்கே பொருளுடையதாயிற்று. கூலியும் சோறும் கொடாது விலகச் சொல்வது விலக்கலே.

நம்மையும் நாம் சோதித்துக் கொள்வோமாக. அந்நோய்க்காலத்தில் செவிலியரை வாடகை வீட்டினின்றும் வெளியேற்றினர். இறந்த மருத்துவரின் உடலை அடக்கஞ்செய்ய விடாது தடுத்தனர். தள்ளப்பட்டதன் வேதனையை அறிந்த நம் தெருக்களில் அத்தகைய செயல் ஒன்றேனும் நிகழவில்லை என்று நெஞ்சில் கைவைத்துக் கூறவல்லோமா? அச்சம் புகுந்தவிடத்து அவ்வோர் ஒற்றெழுத்து நாம் அறியாமலே நுழைந்துவிடும்.

கொள்ளைநோய் மீண்டும் வரலாம். வருங்கால் நாம் தயங்காது விலகி நிற்போம். ஆனால் விலகி நிற்கும் ஒவ்வொரு நாளும், அடைத்த கதவின் அப்பால் இருப்பவர்க்குக் கஞ்சியும் மருந்தும் சேர்ந்தனவா என்று கேட்டறிவோம். தனிமை முடிந்து அவர் வெளிவரும் நாளில், முதலில் சென்று அவர் கையைப் பற்றுவோர் நாமாக இருத்தல் வேண்டும்.