அடைத்த வழி

தெரு யாருக்கு உரியது? அதில் வீடு கட்டிக்கொண்டவர்க்கா, அதன் வழியே நடந்து செல்வோர்க்கா? தலைநகரில் பல்லாண்டு வாழ்ந்துவிட்ட நமக்கு இவ்வினா அண்மையில்தான் எழுந்தது.

ஷாஜஹான் 1639இல் கால்கோள் செய்த பழைய தில்லியில் கூச்சா, கட்ரா எனப்பட்ட குடியிருப்புகளுக்கும் வாயிற்கதவுகள் இருந்தன, இரவில் சாத்துவர். முட்டுச்சந்துகளும் உண்டு. எனினும் கால்நடைத் தொலைவுக்குள் அடங்கிய ஊர் அது. பின்னாளில் நம்மவர் பலர் குடியேறிய கரோல் பாகிலும், ஒரு தெரு நெருக்கடியானால் அடுத்த தெரு கைகொடுக்கும்.

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் வாழ்ந்த தில்லியில், 2011இல் 1 கோடியே 67 இலட்சம் பேர் இருந்தனர். யமுனையைக் கடந்தும் நகரம் பரந்தது. பரந்தது குற்றமன்று, பிழைக்க வந்த நாமும் அதற்குக் காரணரே. ஆனால் புதிய காலனிகள் பலவற்றின் உள்தெருக்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. தத்தம் மதிலுக்குள் வளைந்து, ஓரிரு வாயில்களால் பெருஞ்சாலையில் சென்று விழுகின்றன. மதிலுக்கு அப்பாலுள்ள வீட்டுக்குப் போவதற்கும் பெருஞ்சாலைக்கு வந்தே திரும்ப வேண்டும். அச்சாலையை எத்துணை அகலப்படுத்தினும் போதாமைக்கு இதுவும் ஒரு காரணம். கட்டடத்தை இடித்துக் கட்டலாம். தெருவின் போக்கை மாற்றுதல் அரிது. சாந்தினி சௌக் மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அதே கோட்டில் கிடக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன், நம் காலனியின் பின்வாயிலைப் பூட்டுவதற்கு இசைவு கேட்டுக் குடியிருப்போர் சங்கத்தார் ஒரு தாளை நீட்டினர். கோப்புகளில் ‘ஆட்சேபமில்லை’ என்றெழுதிப் பழகிய கை தயங்காது ஒப்பமிட்டது. அச்சம் பொய்யன்று, ஒரு வீட்டில் களவு போயிருந்தது. ஆனால் பூட்டிய பின் சுற்றி நடப்பவர் யார்? நாம் அல்லோம், நம்மிடம் ஸ்கூட்டர் உண்டு. மதிலுக்கு அப்பால் வாழ்ந்து, நம் இல்லத்தில் பாத்திரம் துலக்கும் அம்மையார்தாம் நடக்கின்றார். ஐந்து நிமிட வழி அரை மணி ஆயிற்று. அவரிடம் எவரும் ஒப்பம் கேட்கவில்லை. அஞ்சியவர் தம் வீட்டுக் கதவைத் தாழிடலாம். பிறர் நடக்கும் வழியைத் தாழிட அவ்வச்சம் போதுமா?

காலையிலேனும் வாயிலைத் திறந்து வைக்குமாறு சென்ற மாதம் எழுதிக் கொடுத்தோம். “முன்னர் ஒப்பமிட்டவர் தாங்கள்தாமே?” என்றார் செயலாளர். ஆம் என்றோம். தாள் அவர் மேசையில் இருக்கின்றது. அம்மையார் இன்றும் சுற்றித்தான் வந்தார்.