செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

அண்ணன் பெர்த்துக்குக் குடிபோகிறார். வெயில் விழும் தோட்டத்தோடு புது வீடு. அம்மா ஒரு கறிவேப்பிலைக் கன்றைப் பையில் கட்டி வைத்தார். "ஆஸ்திரேலியாவுல பெர்மிட் இல்லாம செடிய உள்ள விடமாட்டாங்கம்மா" என்றேன். முகம் வாடிப்போச்சு.

பெற்றோரை விட்டுப் போவது அதர்மமா? தாத்தாவும் தன் தாயை விட்டுத்தான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். அவரை உழைப்பாளி என்கிறோம். அண்ணனை மட்டும் சுயநலவாதி என்பது நியாயமில்லை.

ஆனால் தாத்தாவுக்குக் கடிதம்தான் வழி. நமக்கோ 6 மணி நேரத்துக்குள் விமானம். வசதி கூடினால் கடமையும் கூடும். பணம் அனுப்பினால் மட்டும் போதாது. அம்மாவை கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவது, அண்ணன் எப்போ வருவார் என்று புறப்படுமுன்பே பேசி முடிவெடுத்தோம்.

நாளை நானும் போகலாம். அப்போது செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? நண்பர்களே, உங்கள் வீட்டில் இதைப் பேசிவிட்டீர்களா?