காலத்தின் மீது சுமத்தும் பழி

“காலம் கெட்டுவிட்டது” என்னும் சொல், நம்மவரிடையே ஸலாமுக்கு அடுத்தபடியாக மிகுதியும் வழங்கும் சொல்லாகிவிட்டது. சேலம் அம்மாபேட்டையின் தறிக்கூடங்களிலும் கடைவீதியிலும், தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நின்று பேசும் பெரியவர்களின் நாவிலும் இதனைக் கேட்கலாம். பிற சமயத்துச் சகோதரர் “கலி முற்றிவிட்டது” என்பார். நம்மவர் “இது ஆகிர் ஜமான்” என்பார். சொல் வேறாயினும் கருத்து ஒன்றே. முன்பு மக்கள் நல்லவராக இருந்தனர். இன்று கெட்டுவிட்டனர் என்பதே அது. இக்கூற்று மெய்தானா என்பதை மார்க்கத்தின் ஒளியிலும் வரலாற்றின் துணையிலும் ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில், “முன்பு” என்பது எக்காலம்? திருமறை நமக்குக் காட்டும் பழங்காலம் ஆது, ஸமூது கூட்டத்தாரின் காலம். லூத் (அலை) அவர்களின் சமூகத்தார் வாழ்ந்த காலம். அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்து, ஷுஐப் (அலை) அவர்களின் எச்சரிக்கையைப் புறக்கணித்த மத்யன் நகரத்தாரின் காலம். பெண் மகவை உயிரோடு புதைத்த அறியாமைக் காலமும் அதில் அடங்கும். முன்னோர் யாவரும் நல்லோரே எனின், நபிமார்கள் எதற்காக அனுப்பப்பட்டனர்? “எங்கள் மூதாதையர் சென்ற வழியே எங்களுக்குப் போதும்” என்பது நம் நாயகம் (ஸல்) அவர்களை எதிர்த்த குறைஷிகளின் வாதம் அன்றோ!

இதற்கு மறுப்பாக இரண்டு நபிமொழிகளை எடுத்துக் காட்டுவோர் உண்டு. தம் தலைமுறையே சிறந்தது, பின்னர் அதனை அடுத்தது, பின்னர் அதனையும் அடுத்தது என்று நாயகம் (ஸல்) அருளியது ஒன்று. மற்றொன்று ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஹஜ்ஜாஜின் கொடுமையைப் பற்றி அனஸ் (ரலி) அவர்களிடம் சிலர் முறையிட்டபோது, பொறுமை கொள்ளுமாறு கூறிய அவர்கள், வருகின்ற ஒவ்வொரு காலத்தையும் விட அதற்குப் பிந்திய காலம் தீயதாகவே இருக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதாக அறிவித்தார்கள்.

இந்நபிமொழிகள் நம் தலைக்கு மேலானவை. ஆயினும் அவற்றின் பொருளை அறிஞர் பெருமக்களிடம் கேட்டல்லவா அறிதல் வேண்டும்! ஹஜ்ஜாஜ் ஹிஜ்ரி 95-இல் இறந்தான். நான்கே ஆண்டுகளில், ஹிஜ்ரி 99-இல் (கி.பி. 717), நீதிக்குப் பெயர் பெற்ற உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) ஆட்சிக்கு வந்தார்கள். பிந்தியது தீயது என்றால் இது எவ்வாறு பொருந்தும்? இக்கேள்வியை ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களிடமே கேட்டனர். மக்களுக்கு இடையிடையே சற்று மூச்சுவிட வேண்டுமல்லவா என்று அவர்கள் விடை பகர்ந்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களோ, ஓர் ஆண்டை விட மற்றோர் ஆண்டின் விளைச்சல் குறையும் என்பதோ, ஓர் ஆட்சியாளரை விட மற்றவர் கெட்டவர் என்பதோ இதன் கருத்தன்று. கற்றறிந்தோர் மறைந்து, அவர்களின் இடம் நிரப்பப்படாமல் போவதே கருத்து என விளக்கினார்கள். ஆகவே, கெடுதல் காலத்தின் இயல்பினால் வருவதன்று. கல்வியைக் கைவிடுவதனால் வருவது. அதே அனஸ் (ரலி) வாயிலாகத் திர்மிதீயில் வந்துள்ள மற்றொரு நபிமொழியும் நம் சிந்தனைக்குரியது: இந்தச் சமுதாயம் மழையைப் போன்றது, அதன் முற்பகுதி நன்மையானதா, பிற்பகுதி நன்மையானதா என்பது அறியப்படாது.

நம் மாவட்டத்தின் வரலாறே இதற்குச் சான்று பகரும். “அந்தக் காலத்தில் குடி ஏது?” என்று நம்மில் பலர் வியக்கின்றனர். ஆனால் சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் முதல் நாளன்று. சேலம் நகராட்சித் தலைவராக முன்பு பணியாற்றி, மாகாணப் பிரதமராக உயர்ந்த இராஜாஜி அதனைக் கொணர்ந்தார். இல்லாத நோய்க்கு யாரும் மருந்து தேடுவதில்லை. கள்ளும் சாராயமும் குடும்பங்களைக் கெடுத்ததனால்தான் அச்சட்டம் பிறந்தது. வருவாய் இழப்பை ஈடு செய்ய 1939-இல் விற்பனை வரி விதிக்க நேர்ந்தது என்றால், குடியினால் அரசுக்கு வந்த வருவாய் எத்துணைப் பெரிது என்பதை உய்த்துணரலாம்! பின்னர் 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது, 1971-இல் தளர்த்தப்பட்டது, மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளில் மது விற்கிறது. இஃது இறக்கம் மட்டுமே உடைய பாதையா? இல்லை, ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்த பாதை. ஒவ்வொரு திருப்பத்திலும் முடிவு செய்தவர்கள் மனிதர்கள், காலம் அன்று.

இவ்வாறே, 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்கே மக்கள் போராட வேண்டியிருந்தது. 1950-இல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. அக்கொடுமை இன்னும் முற்றிலும் அழியவில்லை எனினும், அதனை அறமென்று மேடையேறிச் சொல்லத் துணிவார் இன்றில்லை. இதனை வளர்ச்சி எனாமல் வேறென்ன என்பது?

2023-இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் ஏட்டில் மஸ்ட்ரோயானி, கில்பர்ட் என்னும் இரு உளவியல் அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குறைந்தது 60 நாடுகளின் மக்கள், குறைந்தது 70 ஆண்டுகளாக, ஒழுக்கம் சரிந்து வருவதாகவே கூறி வந்துள்ளனர். ஆயினும், தம் காலத்தவர் எவ்வாறு நடந்து கொள்கின்றனர் என்று வெவ்வேறு ஆண்டுகளில் அவர்களைக் கேட்டபோது, விடைகளில் பெரிய மாற்றம் காணப்படவில்லை. தீய செய்தியே செவியில் மிகுதியாக விழுகிறது. பழைய கசப்போ நினைவில் விரைவாக மங்குகிறது. மயக்கத்தின் காரணம் இதுவாகலாம் என்பது அவர்களின் கருத்து.

அவ்வாறாயின் நம்மிடம் குறையே இல்லையா? உண்டு. மணமகளுக்கு மஹர் கொடுக்க மார்க்கம் கட்டளையிட்டிருக்க, அவள் வீட்டாரிடமே கைக்கூலி கேட்கிறோம். 1961-இல் சட்டம் தடுத்த பின்னரும் நகையாகவும் வாகனமாகவும் அது தொடர்கிறது. கேட்டால், “காலம் அப்படி இருக்கிறது; நாம் என்ன செய்வது?” என்பதே மறுமொழி. கைக்கூலித் திருமணங்களில் கலந்து கொள்வதில்லை என்று உறுதி பூண்ட இளைஞர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களும் இதே காலத்தில்தானே வாழ்கின்றனர்!

இங்கேதான் அச்சொல்லின் நஞ்சு வெளிப்படுகிறது. எடையில் குறைப்பவரும், கூலியை நிறுத்தி வைப்பவரும், கடன் வாங்கி மறப்பவரும் அதனைக் கேடயமாக ஏந்துகின்றனர். காலத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் நாம் சாட்சியாக மட்டும் நிற்கலாம் அல்லவா? பிள்ளைகளின் செவியில் நாள்தோறும் இதனை ஓதினால், நேர்மையாக வாழ இயலாது என்று நாமே அவர்களுக்குப் பாடம் புகட்டியவர்களாவோம்.

மக்கள் அழிந்தனர் என்று சொல்பவனே அவர்களில் மிகவும் அழிந்தவன் என்பது நபிமொழியின் கருத்து. மக்களின் மார்க்க நிலை கண்டு வருந்திச் சொல்வது குற்றமாகாது. தன்னை மெச்சி, பிறரை இழிவாக எண்ணிச் சொல்வதே வெறுக்கத் தக்கது என இமாம் மாலிக் (ரஹ்) வகுத்துரைத்தார்கள். காலத்தை ஏசுவதையும் நாயகம் (ஸல்) தடுத்துள்ளார்கள்.

மூன்றே வசனங்கள் கொண்ட ‘அல்அஸ்ர்’ அத்தியாயத்தை நம் பிள்ளைகளும் மனனமாக ஓதுவர். அங்கே இறைவன் காலத்தின் மீது சத்தியம் செய்கிறான். நஷ்டத்தையோ மனிதன் மீது சுமத்துகிறான். ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, உண்மையையும் பொறுமையையும் ஒருவருக்கொருவர் உபதேசிப்போருக்கு மட்டும் விலக்களிக்கிறான். அவ்விலக்கு எந்த நூற்றாண்டுக்கும் உரியது, இந்நூற்றாண்டுக்கும் உரியது. அக்கூட்டத்தில் நம்மையும் நம் மக்களையும் வல்ல அல்லாஹ் சேர்த்தருள்வானாக! ஆமீன்.