காணாதது இல்லாததா?

11ஆம் தலைமுறை இன்டெல் செயலியுள்ள பல மடிக்கணினிகளில் விண்டோஸை மீண்டும் நிறுவும்போது, வட்டே இல்லை என்று திரை காட்டும். வட்டில் பழுதில்லை, அதை அணுகும் டிரைவர் நிறுவியிடம் இல்லை. இன்டெலின் ஆர்.எஸ்.டி. டிரைவரை யு.எஸ்.பி.யிலிருந்து ஏற்றியதும் வட்டு தெரியும்.

காணப்படாதது இல்லாததா என்ற வினாவுக்கு, 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் அருளிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் வழி காட்டுகிறது. கண் தானே காணாது. உயிர் காட்டவே காணும். உயிரும் தானே அறியாது. இறைவன் அறிவிக்கவே அறியும். உயிரின் அறிவை ஆணவ மலம் மறைத்தாலும் இறைவன் உயிரோடு உடனாகவே நிற்கிறான்.

வட்டைக் காட்டும் டிரைவரும் உயிருக்குக் காட்டும் இறைவனும் ஒன்றல்ல. டிரைவர் அறிவற்ற கருவி. இறைவனோ காட்டுவதோடு, உயிருடன் நின்று தானும் காண்கிறான். எனினும் இரண்டிடத்தும் காணாமை பொருளின் இன்மைக்குச் சான்றன்று.