உங்க சைஸ் இல்ல சார்

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் மூன்றாவது மாடியில் என்னிடம் சொல்லப்பட்ட வாக்கியம் இது. சொன்ன பையனுக்கு இருபது வயதுக்கு மேல் இராது. தென் மாவட்டத்துப் பேச்சு. குரலில் கேலி ஏதும் இல்லை. கேலி இருந்திருந்தால் கோபித்துக்கொண்டு வெளியே வந்திருப்பேன், இந்தக் கட்டுரைக்கும் அவசியம் நேர்ந்திராது. அவன் என் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்தான். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையால் தொடவும் இல்லை. பார்வையே போதுமானதாக இருந்தது. பிறகு, ஒரு துக்கச் செய்தியை நாசூக்காகச் சொல்கிற தோரணையில், "உங்க சைஸ் இல்ல சார், ஆன்லைன்ல பாருங்க" என்றான்.

நான் குள்ளம், அகலம். மார்புக்குப் பொருந்துகிற சட்டையை எடுத்தால் கை விரல் நுனி வரை வந்து மூடும். தோளுக்குப் பொருந்துவதை எடுத்தால் நடுவில் இரண்டு பொத்தான்கள் போடமுடியாது. இதில் அங்கலாய்க்க ஒன்றுமில்லை, முப்பத்தைந்து வருஷமாக இந்த உடம்போடுதான் இருந்து வருகிறேன். என்னை உறுத்தியது அந்த வாக்கியத்தின் இலக்கணம். சைஸ் என்பது வாஸ்தவத்தில் சட்டையின் குணம், மனிதனின் குணம் அல்ல. சட்டைதான் 40, சட்டைதான் 42. கடையில் இல்லாதது ஒரு வகைச் சட்டை. ஆனால் 'உங்க' என்ற ஆறாம் வேற்றுமை வந்து ஒட்டிக்கொண்டதும் குறை இடம் மாறிவிடுகிறது. கடைக்காரன் வாங்கி வைக்காதது என் உடைமையாகிறது. நானும் அதை ஏற்றுக்கொண்டு, "ஆமாம்ப்பா, கொஞ்சம் குறைக்கணும்" என்று ஒரு அசட்டுச் சிரிப்போடு சொன்னேன். யாரும் கேட்காத மன்னிப்பு அது. எதற்காகக் கேட்டேன் என்பதுதான் நான் இங்கு விசாரிக்க விரும்புவது.

இந்த இடமாற்றத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. பெல்ஜியத்து வானியல் அறிஞர் அடால்ஃப் கெத்லே 1835-ல் எழுதிய நூலில் 'சராசரி மனிதன்' என்ற ஒரு ஜீவனைப் படைத்தார். ஒரே நட்சத்திரத்தைப் பல பேர் அளந்தால் பல விடைகள் வரும். அவற்றின் சராசரி உண்மைக்கு அருகில் இருக்கும், மற்றவை பிழைகள். இந்த முறையை அவர் வானத்திலிருந்து இறக்கி மனிதர்கள்மேல் வைத்தார். பிறகு 5,738 ஸ்காட்லாந்துப் போர்வீரர்களின் மார்பளவுகளை எடுத்துக்கொண்டு, அவை நாற்பது அங்குலத்தைச் சுற்றி மணி வடிவில் குவிவதைக் காட்டினார். கணக்கில் தவறில்லை. ஆனால் நட்சத்திரம் ஒன்று, அளவுகள் பல. இங்கோ மார்புகளே பல. எந்த ஒரு மார்பும் வேறொரு உத்தம மார்பின் பிழையான பிரதி அல்ல. இந்தச் சின்ன வித்தியாசத்தை மறந்துவிட்டால், ஓரத்தில் இருப்பவன் வெறுமனே ஓரத்தில் இருப்பவனாக இல்லாமல் தப்பாகப் பிறந்தவனாகிவிடுகிறான். அந்தப் பையன் கெத்லேயைப் படித்ததில்லை. படிக்காமலே அவருடைய சீடனாக இருந்தான்; நானும்தான்.

ஆயத்த உடை முதலில் ராணுவத்துக்காக வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். பாரீஸில் திமோனியே என்பவர் தையல் இயந்திரங்களை வைத்து ராணுவச் சீருடை தைக்கும் கூடம் நடத்தினார். 1831-ல் தையற்காரர்கள் திரண்டு வந்து எண்பது இயந்திரங்களை உடைத்தார்கள். பிழைப்புக்காக உடைத்தார்கள், தத்துவத்துக்காக அல்ல. ஆனால் ராணுவத்துக்கு வேண்டியது உடல்கள், ஆட்கள் அல்லர் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் 1939-40-ல் அரசாங்கமே சுமார் 15,000 பெண்களை நாடா வைத்து அளந்தது. ஒவ்வொருத்தியிடமும் ஐம்பத்தொன்பது அளவுகள். வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் முடிவுக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதை வைத்து 1958-ல் ஒரு தர அளவு வந்தது, 1983-ல் கைவிடப்பட்டது. இதற்குள் கம்பெனிகள் ரகசியமாக எண்களைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தன. உடம்பு பெருக்கப் பெருக்க, வாங்குபவள் மனம் கோணாதபடி, பழைய பெரிய அளவுக்குப் புதிய சின்ன எண். எண் பொய் சொல்வது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. நம் கடைகளில் தொங்குகிற உடைகளில் பெரும்பாலானவை இந்த அமெரிக்க, ஆங்கில அட்டவணைகளின் வாரிசுகள். நம் உடம்புகளை அளந்து நமக்கென்று ஒரு அட்டவணை போடுவது என்று 2018-ல்தான் இங்கு முடிவாயிற்று. ஆறு நகரங்களில் 25,000 பேருக்கு மேல் இயந்திரம் வைத்து அளப்பது என்பது திட்டம். அது வந்தால் எனக்குச் சட்டை கிடைக்குமா? கிடைக்காது. வேறொரு சராசரி கிடைக்கும். அதிலும் நான் ஓரத்தில்தான் இருப்பேன்.

(இந்த இடத்தில் நம் விமர்சனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகமுடியவில்லை. இறக்குமதியான அளவு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, கவிதையைத் தொட்டுப் பார்க்காமலே, கழுத்தில் நாடா சும்மா தொங்க, 'இதற்கு சைஸ் இல்லை' என்று சொல்கிற காரியத்தை நாம் எத்தனை வருஷமாகச் செய்து வருகிறோம்! நானும் செய்திருக்கிறேன். ஒரு கவிஞர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. நியாயம் அவர் பக்கம்.)

1950-ல் அமெரிக்க விமானப் படை தன் விமானிகளை அளந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் 4,063 விமானிகளின் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு, பத்து முக்கிய அளவுகளிலும் நடுத்தரமாக இருப்பவர் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை. கை நடுத்தரமானவனுக்குக் கால் நீளம். கால் நடுத்தரமானவனுக்கு மார்பு குறுகல். இதற்குப் பிறகு செய்த காரியம்தான் முக்கியம். சராசரிக்குப் பொருந்தும் விமானிகளைத் தேடாமல், இருக்கையை முன்னும் பின்னும் நகரும்படி செய்தார்கள். யோசித்துப் பார்த்தால் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்ற வரிசையின் அடிப்படை மூடநம்பிக்கை இதுதான்: மனிதன் ஒரே திசையில், ஒரே விகிதத்தில், பலூனைப்போல் பெருக்கிறான் என்பது. என் மார்பு பெருத்தபோது கை நீளவில்லை. என்ன செய்ய?

பெண்கள் பாடு இன்னும் மோசம். என் மனைவியோடு போகும்போது அடிக்கடி காதில் விழுகிற வார்த்தை 'ஃப்ரீ சைஸ்'. நைட்டிக்கு, லெக்கிங்ஸுக்கு, சில குர்தாக்களுக்கு. நான் ஆங்கில இலக்கியம் படித்தவன். அந்த மொழியில் 'ஃப்ரீ' என்ற சொல்லுக்காகச் சிறை சென்றவர்கள் உண்டு. இங்கு அதன் பொருள், 'ஒரே ஒரு அளவுதான் தைத்திருக்கிறோம். மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பது. சுதந்திரம் முழுவதும் தைத்தவனுக்கு.

இதற்கெல்லாம் மருந்தாக நம்மவர்கள் பழைய தையற்காரரைச் சொல்லுவார்கள். துணி எடுத்துக் கொடுத்தால் உடம்பைத் தொட்டு அளந்து, நோட்டில் பென்சிலால் எழுதி, மூலையில் ஒரு துண்டுத் துணியைப் பின் குத்தி வைத்துக்கொள்ளும் மனிதர். என் தகப்பனாருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே தையற்காரர். அவருக்கு அப்பாவின் இடது தோள் சற்று இறங்கியது என்பது தெரியும். எங்கள் அம்மாவுக்கு அது தெரியுமா என்பது சந்தேகம். பெண்கள் அளவு ஜாக்கெட் கொடுத்தனுப்புவார்கள். அது அழகான ஏற்பாடு: அளவுகோலே அவளுடைய பழைய ஜாக்கெட்தான், அவளுக்கு அவளே சராசரி. இன்னும் பின்னால் போனால் வேட்டியும் புடவையும். நாலு முழமோ எட்டு முழமோ, உடம்பு எப்படியிருந்தாலும் துணி ஒன்றும் கேட்காது. கொசுவத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். தைக்காத துணி மனிதனைத் தீர்ப்புச் சொல்லாது என்று ஒரு நண்பரிடம் உணர்ச்சியோடு சொன்னேன்.

அவர் நாகர்கோவில்காரர். சிரித்துக்கொண்டே, "தோள்சீலையும் தைக்காத துணிதான் ஐயா" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்வதற்கு முப்பது நாற்பது வருஷம் அடிபட்டுப் போராடி, 1859-ல் ராஜ பிரகடனம் வந்தது. அதுவும் மேல்ஜாதிப் பெண்கள் அணிகிற மாதிரி அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு. துணிக்கு சைஸ் இல்லை, ஆளுக்கு இருந்தது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கலாமா, துண்டு தோளிலா இடுப்பிலா என்பதெல்லாம் நாடாவே இல்லாமல் அளக்கப்பட்ட அளவுகள். ஆயத்தச் சட்டை வந்தபோது அதன் அலட்சியம் பலருக்கு ஒரு விடுதலையாக இருந்திருக்கும். 40 என்ற எண் உன் ஜாதி என்ன என்று கேட்பதில்லை. பழைய தையற்காரரைப் பற்றிய என் ஏக்கத்தில் யாருடைய வீட்டுத் திண்ணை நினைவாகிறது என்பதை நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஆக, முன்னே போகவேண்டியதுதான். பையன் சொன்னபடி ஆன்லைனில் பார்த்தேன். இருந்தது. 6எக்ஸ்எல் வரை இருந்தது; எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை என்பதில் ஒரு அற்ப சந்தோஷமும் ஏற்பட்டது. கடையில் ஏன் இல்லை, இங்கே ஏன் இருக்கிறது என்பதற்கு விடை சுலபம். கடையில் ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு நிறத்திலும் அலமாரியில் இடம் பிடிக்கும். விற்காமல் கிடந்தால் முடங்கிய முதல். தி. நகருக்கு வருகிற என் போன்றவர்கள் ஒரு அலமாரித் தட்டுக்குப் போதாது. கிடங்கு என்பதோ ஊருக்கு வெளியே ஒன்று. தேசம் முழுவதிலும் சிதறிக் கிடக்கும் குள்ளமான அகலமானவர்களை அது ஒன்று கூட்டிவிடுகிறது. ஒருவரையொருவர் பார்க்காத ஒரு சங்கம். அதன் அங்கத்தினனாக எனக்குச் சட்டை கிடைக்கிறது. வயிற்றைப் பார்க்கிற கண் இல்லை. அவமானம் இல்லை.

அந்த அவமானமின்மையில்தான் எனக்குச் சந்தேகம். நான் வீட்டிலிருந்து வாங்க ஆரம்பித்ததும் கடைக்காரனுக்கு என்னைப் பற்றிய கடைசிக் கவலையும் தீர்ந்தது. நான் கேட்டு இல்லை என்று சொல்லும் சங்கடம்கூட அந்தப் பையனுக்கு இனி இல்லை. நாலு பேர் நடமாடும் இடத்தில் என் போன்ற உடம்புகள் குறையக் குறைய, அங்கே மீதியிருப்பவர்கள் தாங்கள்தான் உலகம் என்று நினைக்க நியாயம் உண்டு. அவமானப்படுவதற்காவது ஒருவன் அங்கே இருக்கவேண்டும். தீண்டாமையையும் இதையும் ஒன்றாக வைக்க நான் துணியமாட்டேன். ஆனால் 'உங்களுக்கென்று தனியாக ஏற்பாடு செய்திருக்கிறோம்' என்ற வாக்கியம் நம் ஊருக்குப் புதியதல்ல.

இன்னொன்று. போட்டுப் பார்க்க முடியாததால் மூன்று அளவுகளில் ஒரே சட்டையை வரவழைத்து, ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பி அனுப்புகிறேன். காசு போவதில்லை. மூன்றாவது மாடி ஏறி இறங்குகிறவன் வேறொருவன். முதுகில் பெரிய பை. ஒருநாள் இரண்டாவது முறை வந்தபோது, மூச்சு வாங்கிக்கொண்டே, "சைஸ் சரியில்லையா சார்?" என்றான். கவனியுங்கள்: 'உங்க' இல்லை. அவன் சட்டையைத்தான் குறை சொன்னான். அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். கடையில் என் அசௌகரியமாக இருந்தது இப்போது அவன் கால்களுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். என் உடம்பின் மிச்சத்தை யாராவது சுமந்தே தீரவேண்டும் போலிருக்கிறது. கடைப் பையனும் நின்றுகொண்டேதான் இருந்தான். ஊழியர்கள் உட்கார இடம் தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் வந்துவிட்டது, ஆனால் அந்தச் சட்டைப் பிரிவில் ஒரு ஸ்டூலை நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் என் கவுண்டருக்கு ஒரு அம்மாள் வந்தாள். நான் வங்கிக் குமாஸ்தா. கணக்குத் தொடங்க வேண்டும், அரசாங்க உதவித்தொகை வருவதற்கு. பெயர் ஒற்றைச் சொல். திரையில் முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம். இரண்டாவது கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. ஒரு அட்டையில் புருஷன் பெயர் பின்னால் இருக்கிறது, இன்னொன்றில் தகப்பன் இனிஷியல் முன்னால். நான் தலையைத் தூக்காமல் சொன்னேன்: "உங்க பேர் சரியில்லம்மா."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். எழுபது வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஊர் அவளைக் கூப்பிட்டிருக்கும். பின்னால் இருந்த சகா எட்டிப் பார்த்து, "கடைசிக் கட்டத்துல ஒரு புள்ளி வைங்க, போயிடும்" என்றார். வைத்தேன். போயிற்று.

பாஸ்புக் அச்சடித்து வந்ததும் அவள் அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். எழுத்து தெரியும்போல. பெயருக்குப் பின்னால் இருந்ததை நகத்தால் லேசாகச் சுரண்டி, "இது என்ன தம்பி, அழுக்கா?" என்றாள்.